எல்லாருக்கும் ஒரே குப்பைக்கூடை

எல்லாருடைய மெயிலிலும் ஸ்பேம் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கிறவர்கள் ரெண்டு வகை. வரவேண்டியது வரவில்லை என்று பதறுகிறவர்கள், வேறு வேலை இல்லாதவர்கள். மற்றவர்களுக்கு அது தானாக நிரம்பித் தானாகக் காலியாகிற ஒரு கூடை. அந்தக் கூடையில் எது விழணும் என்று முடிவு பண்ணுவது யார்? ஒரு மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற வேலை கைக்கு வரும்வரை இந்தக் கேள்வி எனக்கும் தோன்றியதில்லை.

மலையகத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிற ஒரு சின்ன நிறுவனம். பெயர் வேண்டாம். கொழும்பில் தலைமை ஆபீஸ், ஹட்டனில் ஒரு அறை, தோட்டங்களில் கள உத்தியோகத்தர்கள், எல்லாம் சேர்த்து நாற்பது பேர்கூட இல்லை. பிள்ளைகளின் குடும்ப விபரம், பெற்றோரின் சம்பளச் சீட்டு, வைத்திய அறிக்கை எல்லாம் மெயிலில் போய்வருவதால் வெளியார் சர்வரில் வைக்க வேண்டாம் என்று யாரோ ஒரு காலத்தில் முடிவெடுத்திருந்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பது மாடு வைத்திருப்பது மாதிரி, பெருநாள் திருநாள் பார்க்காமல் கவனிக்கணும். 2019இல் அந்த மாட்டின் கயிறு என் கைக்கு வந்தது. எனக்கு முன்னால் பார்த்தவர் வெளிநாடு போய்விட்டார். எது எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை.

ஸ்பேமைத் தடுக்க அதில் இருந்தது ஸ்பேம்அசாசின். அயர்லாந்துக்காரர் ஜஸ்டின் மேசன் 2001இல் தொடங்கி, பிறகு அப்பாச்சி அமைப்பின் கீழ் வந்த இலவச மென்பொருள். அது வேலை செய்கிற விதம் கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு உடனே விளங்கும். தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று அங்கே கழித்துக்கொண்டே போவார்கள். இது கூட்டிக்கொண்டே போகும். மெயிலுக்குத் தலைப்பு இல்லையா, கொஞ்சம் புள்ளி. அனுப்பிய இடம் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, இன்னும் கொஞ்சம். மொத்தம் 5ஐத் தொட்டால் அது ஸ்பேம். இந்த விதிகள் உலகம் முழுக்க ஒன்றுதான்.

இதற்கு மேல் அதற்கு ஒரு ஞாபகமும் உண்டு. பேய்ஸ் என்பார்கள். தோமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் செத்து ரெண்டு வருஷம் கழித்து, 1763இல் வெளிவந்த ஒரு கணக்கின் பெயர் அது. 2002 ஓகஸ்ட்டில் போல் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஸ்பேம் பிடிக்கிற எல்லாரும் அதைக் கையில் எடுத்தார்கள். விஷயம் எளிது. நல்ல மெயில்களையும் கெட்ட மெயில்களையும் நாம் காட்டிக் கொடுக்கணும். எந்தச் சொல் எதில் எத்தனை தடவை வந்தது என்று அது எண்ணி வைத்துக்கொள்ளும். புதுசாக ஒன்று வந்தால், அதிலுள்ள சொற்களை வைத்து எந்தப் பக்கம் சாயுது என்று பார்க்கும். 99 சதவீதம் கெட்டது என்று பட்டால் 3.5 புள்ளி. 99.9ஐத் தாண்டினால் மேலே 0.2. ஐந்தில் 3.7 அந்த ஞாபகம் ஒன்றாலேயே வந்துவிடும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

(நான் ஃபோனில் ஓயாமல் பேய்ஸ், பேய்ஸ் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அம்மா ஒருநாள், “ஏன்டி, வெளக்கு வச்ச நேரத்துல அதத்தான் கூப்புடணுமா?” என்றார்.)

சாதாரணமாக இந்த ஞாபகம் ஆளுக்கு ஒன்று. அவரவர் கணக்குக்குள் அவரவர் ஃபைல். எனக்குக் குப்பையாகத் தெரிகிற நகைக்கடை விளம்பரம் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற அக்காவுக்குத் தேவைப்படலாம், அதனால் அதுதான் நியாயமான ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், குறைந்தது 200 நல்ல மெயிலும் 200 கெட்ட மெயிலும் பார்த்த பிறகுதான் பேய்ஸ் வாயையே திறக்கும். ஒரு கள உத்தியோகத்தருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து மெயில் வரும். ஸ்பேம் அதிலும் குறைவு. அவருடைய தனி ஞாபகம் வேலை செய்யத் தொடங்குவதற்குள் அவர் வேலையை விட்டே போயிருப்பார். அதனால் சின்ன ஆபீஸ்கள் எல்லாருக்கும் ஒரே ஞாபகத்தைப் பொதுவாக வைப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

பொதுவாக வைப்பது எழுத்தில் ரெண்டே வரி. ஞாபகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒன்று, அந்த ஃபைலை யார் யார் தொடலாம் என்று இன்னொன்று. ரெண்டிலும் ஒவ்வொரு கண்ணி இருக்கு. முதல் வரியில் ஃபோல்டரின் பெயரோடு நிறுத்தக்கூடாது. அதற்குப் பிறகு ஃபைல்களின் பெயர் எப்படித் தொடங்கணுமோ அதையும் சேர்த்து எழுதணும். அதனால்தான் பல சர்வர்களில் பாதையின் கடைசியில் பேய்ஸ், பேய்ஸ் என்று ஒரே பெயர் ரெண்டு தடவை வரும். எழுத்துப்பிழை என்று நினைத்து ஒன்றை வெட்டிவிடாதீர்கள். ரெண்டாவது, அனுமதி எண். வழக்கமாக உள்ள 0700 என்றால் உரிமையாளர் மட்டும். 0770 என்றால் ஒரு குழு. 0777 என்றால் ஊரே வந்து எழுதலாம். பொது ஞாபகம் என்றதும் பலர் கண்ணை மூடிக்கொண்டு 0777 போடுகிறார்கள், எங்கள் சர்வரிலும் அதுதான் இருந்தது. போதாததற்கு, ஃபைலாக வைத்தால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மற்றவர்கள் பூட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கணும். திங்கட்கிழமை காலையில் லாக் ஃபைல் முழுக்க ‘பூட்ட முடியவில்லை’ என்ற புலம்பல்தான். மைஎஸ்கியூஎல்லுக்கு மாற்றி, யார் பெயரில் வந்தாலும் ஒரே பெயரில் எழுது என்று ஒரு வரி சேர்த்தால் அந்தத் தொல்லை தீரும். வந்த முதல் மாதத்திலேயே அதைச் செய்தேன். இவ்வளவும் எல்லாக் கையேட்டிலும் இருக்கிற விஷயம்தான்.

கையேட்டில் இல்லாதது ஒன்று 2020 பெப்ரவரியில் வந்தது.

எங்கள் பக்கத்து டிவிசனில் வேலை செய்கிற கள உத்தியோகத்தர் அக்கா ஃபோன் எடுத்தார். “தங்கச்சி, நம்ம புள்ளைகளோட லிஸ்ட் அனுப்பி மூணு கெழம ஆச்சி. ஒரு பதிலயும் காணோமே. கெடச்சிச்சா இல்லையான்னாவது சொல்லச் சொல்லுமா.” சாதாரண தரம் எழுதிவிட்டு இருக்கிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் படிப்புக்கான உதவித்தொகை. விண்ணப்பங்களுக்கென்றே ஒரு பொது முகவரி இருந்தது. போய்ப் பார்த்தேன். இன்பாக்ஸில் இல்லை. ஜங்க் ஃபோல்டரில் இருந்தது. கடைசித் திகதி முடிந்து பத்து நாள். அதோடு சேர்த்து இன்னும் ஏழு மெயில், எல்லாம் தோட்டங்களிலிருந்து வந்தவை, எல்லாம் தமிழ். கொழும்பில் அந்த முகவரியைத் திறப்பவருக்குத் தெரிந்தது இன்பாக்ஸ் மட்டும்தான். அவருடைய திரையில் ஜங்க் ஃபோல்டர் தெரிகிற மாதிரியே யாரும் வைத்துக் கொடுக்கவில்லை.

பணம் கொடுக்கிறவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். பட்டியல் போய்விட்டது, இனித் திறக்க முடியாது என்றார்கள். அந்த வருஷம் அக்காவின் டிவிசனிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை. ரெண்டு பேருக்கு அடுத்த வருஷம் வயது எல்லை தாண்டிவிடும். ஒரு பிள்ளை ஏப்ரலுக்கு முன்னாடியே கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு. நான் அதற்கு முந்தின நாளே மஸ்கெலியாவுக்கு வந்துவிட்டேன். ஊரடங்கிலும் தோட்டத்தில் வேலை நிற்கவில்லை, அம்மா மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடு. பின்னால் இருக்கிற மாடசாமி கோயில் மேட்டுக்கு ஏறினால் மூன்று கோடு. கீழே மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் அதற்குள்தான் போனது. வெயில் காலத்தில் தண்ணி நன்றாக இறங்கினால் அந்தக் காலத்துக் கோயில் தலை நீட்டும். அந்த மேட்டில் உட்கார்ந்துதான் சர்வருக்குள் போய் அந்த எட்டு மெயிலையும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கெட்ட பெயர் என்று பேய்ஸ் வரிசையாகச் சொல்கிற ஒரு வழி இருக்கிறது.

வந்த பட்டியலைப் பார்த்து முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதில் சொற்களே இல்லை. ‘ம’, 0.99. ‘ட’, 0.99. தனியாக ஒரு கொம்பு. தனியாக ஒரு புள்ளி, அதுவும் 0.99. தமிழில் புள்ளி வைத்தாலே குற்றம் என்கிற மாதிரி ஒரு பட்டியல்.

காரணம் இதுதான். எங்களிடம் இருந்த 3.4 பதிப்பில், ஒரு சொல் 15 பைட்டுக்கு மேல் போனால் பேய்ஸ் அதை முழுசாக எடுத்துக்கொள்ளாது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஆகவே 15 என்பது தாராளம். யூனிகோட் தமிழ் மெயிலில் போகும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய் தனி, கொம்பும் காலும் தனி, புள்ளியும் தனி. அப்படியென்றால் ஐந்து குறிக்கு மேல் போன எந்தத் தமிழ்ச் சொல்லும் அளவு தாண்டிவிடும். தாண்டிய சொல்லை அது குறி குறியாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு சொல்லாக எண்ணி வைத்துக்கொள்ளும். மஸ்கெலியா என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து, ஒன்பது பைட். தமிழில் எழுதினாலும் ஒன்பது குறிதான். ஆனால் 27 பைட். ஆங்கில மஸ்கெலியா ஊராகவே உள்ளே போகிறது, தமிழ் மஸ்கெலியா ஒன்பது துண்டாக.

அன்றைக்கு மேட்டில் உட்கார்ந்து ஒரு பைத்தியக்கார வேலை பார்த்தேன். எந்தெந்தச் சொல் தப்பிக்கும் என்று விரல் விட்டு எண்ணினேன். அம்மா, அப்பா சரியாகப் பதினைந்து, மயிரிழையில் தப்பும். மலை தப்பும். லயம் தப்பும். கடன், பணம் தப்பும். தேயிலை உடையும். கொழுந்து உடையும். தோட்டம், சம்பளம், பாடசாலை, விண்ணப்பம் எல்லாம் உடையும். எங்கள் மெயில்களில் வருகிற முக்கியமான சொற்களில் முக்கால்வாசி துண்டுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அக்காமார் சிலர் அப்போதும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டித்தான் அனுப்புவார்கள். பாமினியில் ‘மலையகம்’ என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது கே, ஐ, வை, ஏ, எஃப், கே, ஒரு அரைப்புள்ளி. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாறுங்க, மாறுங்க என்று அவர்கள் உயிரை வாங்கியது நான்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பேய்ஸுக்கு அந்த அர்த்தமில்லாத ஆறு எழுத்து ஒரு முழுச் சொல். உடையாமல் ஞாபகத்தில் இருந்தது. ஸ்பேமில் விழுந்த எட்டில் பாமினி ஒன்றுகூட இல்லை.

துண்டு துண்டாக எண்ணினாலும் அது ஒன்றும் பாவம் இல்லை, நல்ல தமிழ் மெயிலையும் கெட்ட தமிழ் மெயிலையும் சேர்த்துக் காட்டியிருந்தால். ‘ம’ ரெண்டிலும் வரும், கணக்கு நடுவில் நிற்கும். பிறகு ஏன் 0.99? அதற்கு விடை மனிதர்களிடம்தான் இருந்தது.

எங்கள் சர்வரில் யாராவது ஒரு மெயிலை இன்பாக்ஸிலிருந்து ஜங்க் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டால், அது கெட்டது என்று பொது ஞாபகம் உடனே கற்றுக்கொள்ளும். வெளியே இழுத்தால் நல்லது என்று கற்கும். டவ்கொட்டில் இப்படிக் கட்டி வைப்பது எல்லாரும் செய்கிறதுதான். கொழும்பு ஆபீசில் ஒரு அய்யா இருக்கிறார். சிங்களத்தில் அண்ணனை அய்யா என்பார்கள், அந்த அய்யா. அவருடைய முகவரிதான் நிறுவனத்தின் தொடர்பு முகவரி. அதனால் ஊரிலுள்ள அத்தனை தமிழ் அறிக்கை, அழைப்பிதழ், விளம்பரம் எல்லாம் அவர் தலையில் வந்து விழும். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தினமும் பத்துப் பதினைந்து. அவர் என்ன செய்வார்? ஜங்க். ரெண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் பொறுமையாக ஜங்க். அவர் தன்னுடைய கூடையைச் சுத்தம் பண்ணுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அது நாற்பது பேருடைய கூடை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், தமிழில் மெயில் எழுதுகிற, வாங்குகிற கள உத்தியோகத்தர்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்தது மலிவான ஃபோன். அதில் பொப் முறையில் மெயில் இறங்கும். பொப்புக்கு இன்பாக்ஸைத் தவிர வேறு ஃபோல்டர் எதுவும் தெரியாது. அதாவது ஜங்க் என்று ஒன்று இருப்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நல்ல மெயில் அதில் விழுந்தாலும் இழுத்து வெளியே போட வழியில்லை. பொது ஞாபகத்தில் எழுத நாற்பது பேருக்கும் உரிமை, 0777. எழுதுகிற பேனா மட்டும் கொழும்பில் இருந்தது.

மெயில் 0.1 புள்ளிக்குக் கீழே வந்தால் ஸ்பேம்அசாசின் தானாகவே அதை நல்லது என்று கற்றுக்கொள்ளும். அதிலாவது தமிழ் உள்ளே போயிருக்கலாம். ஆனால் அக்காமார் தலைப்பு எழுதமாட்டார்கள். தலைப்பு இல்லாததற்கான புள்ளி ஒன்றே அவர்களை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடும். இன்னும் ஒன்று. ஞாபகம் ஒன்றரை இலட்சம் சொல்லைத் தாண்டினால், ரொம்ப நாளாகக் கண்ணில் படாதவற்றை அது உதிர்த்துவிடும். தமிழ் குறைவாக வருகிற இடத்தில் தப்பிப் பிழைத்த முழுச் சொற்கள் இப்படிக் கழிந்துபோகும். உடைந்த துண்டுகள் மட்டும் எல்லா மெயிலிலும் வருவதால் சாகாமல் இருக்கும், கெட்ட பெயரோடு.

சிங்களத்துக்கும் யூனிகோடில் மூன்று பைட்தான். சிங்களச் சொற்களும் அதே மாதிரிதான் உடைகின்றன, பார்த்தேன். இயந்திரம் ரெண்டு மொழியையும் ஒரே மாதிரித்தான் அடித்தது. ஆனால் சிங்கள மெயில் ஒன்று தவறி ஜங்கில் விழுந்தால் கொழும்பில் யாராவது ஒருவர் ஐந்து நிமிஷத்தில் இழுத்து வெளியே போட்டுவிடுவார். அதனால் சிங்களத் துண்டுகள் 0.4, 0.5 என்று அமைதியாக உட்கார்ந்திருந்தன.

இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பைட் எல்லாம் விட்டுவிட்டு, வந்த கடிதத்தை ஒரு மெஷின் ஓரமாக எடுத்து வைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அம்மா கேட்டார், “அப்ப நம்ம ஆபீஸ் மேச மாதிரியா?”

லயத்துக்குத் தபால் வருகிற விதம் தெரியாதவர்களுக்காக: லயத்து வீடுகளுக்கு நெடுங்காலமாகத் தனி முகவரி கிடையாது. பேர், டிவிசன், தோட்டம், ஊர், அவ்வளவுதான். கடிதங்கள் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து பிரட்டுக் களத்தில் கொடுத்துவிட்டோ, ஸ்கூல் பிள்ளைகள் கையிலோ, கடைக்காரர் கையிலோ மாறி மாறி வரும். ஒரே டிவிசனில் ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் முடிந்த பிறகு கிடைத்தது என்ற கதை இல்லாத லயம் மலையகத்தில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். எங்கள் லயத்தில் அந்தக் கதை அம்மாவுடையது. உயர்தரம் எழுதியிருந்தார். ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. கடிதம் கைக்கு வந்தபோது திகதி முடிந்து எட்டு நாள். ஆபீஸ் மேசையில் கிடந்ததாம். அடுத்த மாதம் அம்மா கொழுந்துக்குப் பேர் பதிந்தார். அன்றைக்குக் கட்டின கூடைதான். வேண்டுமென்று செய்தார்கள் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. “அவங்களுக்கு அது ஒரு கடுதாசி. அம்புட்டுத்தான்” என்பார்.

கொழும்பு அய்யா மேல் எனக்குக் கோபம் வராததற்கு அம்மாவின் இந்தப் பேச்சும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கோபம் வராதது வேறு, அப்படியே விடுவது வேறு.

ஏப்ரலில் ஃபோனிலேயே ஒரு கூட்டம் போட்டோம். முதலில் வந்த யோசனை, மைஎஸ்கியூஎல்லில்தானே இருக்கிறது, கொழும்புக்கு ஒரு பெயர், தோட்டத்துக்கு ஒரு பெயர் என்று ஞாபகத்தை ரெண்டாகப் பிரித்துவிடலாமே என்பது. அரை மணி நேர வேலை. நான் வேண்டாம் என்றேன். நடைமுறைக் காரணம் ஒன்று: மெயிலைச் சோதிப்பது பெறுகிறவருடைய ஞாபகத்தை வைத்து. அக்கா அனுப்பினது கொழும்பு முகவரிக்கு. தோட்டத்துக்குத் தனி ஞாபகம் கொடுத்திருந்தாலும் அந்த எட்டு மெயில் அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். இன்னொரு காரணத்தைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். பிரச்சினை வந்தால் தோட்டத்துக்காரருக்குத் தனியாக ஒரு லயம் கட்டிக் கொடுத்துவிடுவது இந்த நாட்டில் பழக்கப்பட்ட தீர்வு. அது எனக்குப் பிடிக்கவில்லை.

15 என்ற எண்ணைக் கூட்டலாமா என்றும் பார்த்தேன். அமைப்பு ஃபைலில் அதற்கு இடம் இல்லை, நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அங்கே கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். விட்டுவிட்டேன்.

செய்தது இவ்வளவுதான். பழைய ஞாபகத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, மொத்தமாகத் துடைத்தோம். இழுத்துப் போட்டதும் கற்றுக்கொள்கிற கொக்கியைக் கழற்றினோம். ஜங்கில் போடலாம், அது உங்கள் கூடைக்கு மட்டும். எல்லாருக்கும் பொதுவாகக் கற்றுக்கொடுக்கணும் என்றால் அதற்கு ஒரு தனி ஃபோல்டர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெண்டு பேர் சேர்ந்து அந்த ஃபோல்டரைப் பார்க்கணும், ஒருவர் தமிழ் தெரிந்தவர், ஒருவர் சிங்களம் தெரிந்தவர். ரெண்டு பேரும் குப்பை என்றால்தான் குப்பை. விண்ணப்ப முகவரியின் ஜங்க் ஃபோல்டரை அதைத் திறப்பவரின் திரையில் நேராகத் தெரிய வைத்தோம். எழுதுகிற உரிமை ஒரே ஒரு கணக்குக்கு.

பிறகு நல்ல மெயில் சேர்க்கணும். 200 வேண்டுமே. கள உத்தியோகத்தர்களிடம் உங்கள் பழைய மெயில்களைக் கொடுங்கள் என்றதும் நியாயமான ஒரு கேள்வி வந்தது. “நாங்க எழுதுனத எல்லாம் கொழும்புல படிப்பாங்களா?” இல்லை என்று விளக்கணும். 2004இல் வந்த பதிப்பிலிருந்து ஸ்பேம்அசாசின் சொற்களைச் சொற்களாக வைப்பதில்லை, ஒவ்வொன்றையும் அரைத்து ஐந்து பைட் பொடியாக்கித்தான் வைக்கிறது. பொடியிலிருந்து இலையைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் ஒரு சொல்லை ஊகித்து, அதே மாதிரி அரைத்து, அந்தப் பொடி உள்ளே இருக்கா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதையும் மறைக்காமல் சொன்னேன். ரெண்டு பேர் தரமாட்டோம் என்றார்கள். சரி என்றேன். மற்றவர்கள் தந்ததே போதுமாக இருந்தது.

ஞாபகம் காலியாக இருந்த ரெண்டு வாரமும் கொழும்பு ஆபீசுக்கு லொத்தர்ப் பரிசு, போலிப் பற்றுச்சீட்டு, ஆப்பிரிக்க இளவரசர் எல்லாம் கும்பலாக வந்தார்கள். எனக்கு வந்த முறைப்பாடுகள் கொஞ்சம் இல்லை. மே மாதம் நடுவில் பேய்ஸ் திரும்பப் பேசத் தொடங்கியது. அந்த எட்டு மெயிலையும் திரும்ப ஓட்டினேன். ‘ம’ 0.46. புள்ளி 0.48. எட்டும் இன்பாக்ஸுக்கான புள்ளியில் வந்தன. பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

அய்யாவிடம் நடந்ததை நானே ஃபோனில் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எந்த மெயில் முக்கியம் என்று தனக்கு எப்படித் தெரியும், யாராவது சொன்னால்தானே என்று கேட்டார். அதுவும் சரிதான். தொடர்பு முகவரியைத் தமிழ் தெரிந்த ஒருவரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி மாற்றினோம். இதைச் செய்ய எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. இப்போது அவர் வாசிக்கத் தெரியாத மெயில் வந்தால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்புகிறார். ஒரு தடவை அப்படி அனுப்பியது உண்மையிலேயே நகைக்கடை விளம்பரம். ஒரு தடவை ஒரு பாடசாலையின் நன்றிக் கடிதம், அதை மொழிபெயர்த்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

2021இல் அந்த வேலையை இன்னொரு தம்பியிடம் ஒப்படைத்தேன். இந்த முறை பன்னிரண்டு பக்கக் குறிப்பு, தமிழிலும் சிங்களத்திலும். வெள்ளிக்கிழமை ஃபோல்டர் இன்னும் நடக்கிறது என்று சொல்கிறான். சில வெள்ளிகளில் ஒருவர்தான் வருகிறாராம், அன்றைக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அக்காவின் மெயில் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. தலைப்பு மட்டும் இன்னும் எழுதுவதில்லை. கேட்டால், “உள்ளுக்குத்தான் எல்லாம் எழுதியிருக்கேனே தங்கச்சி” என்கிறார்.